மாம்பலத்துக்குப் போன தனம்

பச்சை வேப்பிலையை அம்மியில் வைத்து அரைக்கும்போது எழுகிற வாசனை இருக்கிறதே, அது மூக்கோடு நிற்காது. நாக்கின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டு, அதற்கப்புறம் குடிக்கிற தண்ணீரைக்கூடக் கசக்க வைத்துவிடும். மற்றவர்களுக்கு அந்த வாசனை அம்மை போட்ட வீட்டையோ ஆடி மாதக் கூழ் ஊற்றலையோ ஞாபகப்படுத்தலாம். எனக்கு ஞாபகம் வருவது என் அண்ணியின் ரவிக்கை. உலகச் சண்டை முடிந்தும் ரேஷன் முடியாத அந்த வருஷத்தில், என் அண்ணன் மகள் தனத்துக்குப் ‘பால் மறக்கடிக்க’ வேண்டும் என்று, காலையில் அடுப்பு மூட்டுவதற்கு முன்னால் அண்ணி செய்த முதல் வேலை வேப்பிலை அரைப்பதுதான்.

நாங்கள் குடியிருந்தது மயிலாப்பூரும் ராயப்பேட்டையும் ஒட்டுகிற இடத்தில் ஒரு சந்து. எனக்கு அம்மாவும் நைனாவும் சிறு வயதிலேயே போய்விட்டதால், அண்ணன் கல்யாணமாகிக் குடித்தனம் வைத்தபோது சட்டி பானையோடு என்னையும் சேர்த்து அண்ணியிடம் ஒப்படைத்தார்கள். அண்ணிக்குப் பூங்காவனம் என்று பெயர். இருபது வயதுகூட ஆகாத பெண், ஒன்பது வயதுப் பெண்ணான என்னை ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் தலைவாரிப் பின்னிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள் என்பதை இப்போது நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது. அப்போது அது அவள் கடமை என்றுதான் நினைத்தேன். அண்ணனுக்கு டிராமில் கண்டக்டர் வேலை. படியில் தொங்குகிறவர்களை எல்லாம் ஒரு அதட்டலில் உள்ளே தள்ளுகிற மனுஷன், வீட்டுக்கு வந்தால் பூனை.

தனத்துக்கு அப்போது ஒன்றரை வயது. ஒரு நாள் முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தவள் திடீரென்று குனிந்து, தரையில் தலையை வைத்து, தன் இரண்டு கால்களுக்கு நடுவே பின்னால் பார்த்துச் சிரித்தாள். குழந்தைகள் எல்லாம் செய்கிற சேஷ்டைதான். ஆனால் எதிர்வீட்டு மாபூபி அம்மா அதைப் பார்த்துவிட்டாள். எட்டுப் பெற்று ஆறை வளர்த்தவள் என்பதால் எங்கள் சந்தில் குழந்தை விஷயத்தில் அவள் வைத்ததுதான் சட்டம். வாயிலிருந்த வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, “பூங்கா, உன் பேட்டி, உன் பொண்ணு, தம்பியைக் கூப்பிடுது பாரு. இன்னா, தலைக்குக் குளிச்சியா இந்த மாசம்?” என்று கேட்டாள். அண்ணி குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அவள் முகம் போன போக்கிலேயே விஷயம் சந்து முழுக்கத் தெரிந்துவிட்டது. குழந்தை குனிந்து பார்த்தால் அடுத்தது வருகிறது என்பதை நான் ரொம்ப நாள் வரை நம்பிக்கொண்டிருந்தேன். குனிந்ததால் வந்ததா, வந்ததால் குனிந்ததா என்பதில்தான் சந்தேகம்.

அன்று சாயங்காலமே மாபூபி அம்மா வந்து உட்கார்ந்து, அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “வயித்துல ஒண்ணு கீறப்போ வெளில கீறதுக்குப் பால் குடுக்காதம்மா. அந்தப் பாலு உள்ள கீற புள்ளையோடது. குடிச்சா இது சவலையாப் பூடும், அதுவும் தங்காது. நான் பட்டவ சொல்றேன்.” அவள் பட்டது உண்மைதான். இரண்டு குழந்தைகளைப் புதைத்தவள் அவள். அதனால் அவள் சொன்னதற்கு மறுவார்த்தை இல்லை, எங்கள் சந்திலும் சரி, அடுத்த தெருவிலும் சரி. பெரிய வீடுகளிலும் அதையேதான் சொன்னார்கள், கொஞ்சம் வேறு மாதிரித் தமிழில்.

‘சவலை’ என்ற சொல்லை இன்றைய வாசகர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அடுத்த குழந்தை வந்துவிட்டதால் பால் நிறுத்தப்பட்டு, ஏங்கி ஏங்கி மெலிகிற மூத்த குழந்தைக்கு அந்தப் பெயர். கை கால் குச்சியாகிவிடும், வயிறு மட்டும் முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கும், முடி செம்பட்டை பாய்ந்துவிடும், நாள் முழுக்க ‘நை நை’ என்று ஓர் அழுகை ஓடிக்கொண்டே இருக்கும். பால் கொடுத்தாலும் சவலை, கொடுக்காவிட்டாலும் சவலை என்றால் ஒரு தாய் என்னதான் செய்வது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் இருந்திருக்காது.

வேப்பிலையை முதல் நாள் தனம் நக்கிப் பார்த்துவிட்டு, எங்களை எல்லாம் ஒரு பார்வை பார்த்தாள். நாங்கள் எல்லோரும் சேர்ந்து அவளுக்குத் துரோகம் செய்துவிட்ட மாதிரிப் பார்வை. அப்புறம் வீடே அதிர அழுதாள். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ வழி கண்டுபிடித்துவிட்டாள். தன் கவுனின் ஓரத்தைத் தூக்கி அண்ணியின் மார்பை நன்றாகத் துடைத்துவிட்டு, மிச்சக் கசப்பை முகத்தைச் சுளித்துக்கொண்டு துப்பிவிட்டு, குடிக்க ஆரம்பித்தாள். அண்ணிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. “இன்னாமா துடைக்கிறா பாரு வசந்தா, பாத்திரம் தேய்க்கிற மாதிரி” என்று சொல்லிக்கொண்டே அவளை இழுத்து விலக்கினாள். கற்றாழைச் சாறு பூசிப் பார்த்தாள். அதற்கும் கவுன் இருந்தது. கடைசியில் ரவிக்கைக்கு மேல் ஒரு துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, குழந்தையை என் இடுப்பில் ஏற்றிவிட்டு, பார்க்காத மாதிரி வேலை செய்யத் தொடங்கினாள்.

சோறு இறங்கவில்லை தனத்துக்கு. ரேஷனில் போட்ட அரிசி அப்படி. வேகும்போதே கோணிப்பை வாசனை அடிக்கும். எவ்வளவு பொறுக்கினாலும் பல்லில் கல் கடிபடும். பெரியவர்களான நாங்களே குழம்பை ஊற்றி விழுங்கிக்கொண்டிருந்தோம். கேழ்வரகுக் கஞ்சி கொடுத்தால் இரண்டு வாய் குடித்துவிட்டு மூன்றாவதைத் துப்புவாள். பசும்பால் வாங்கலாம் என்றால் பால்காரன் கொண்டுவந்ததில் பாதிக்கு மேல் கிணற்றுத் தண்ணீர். இரண்டு மாதத்தில் குழந்தை பாதியாகிவிட்டாள். இடுப்பில் தூக்கினால் எலும்பு குத்தும். மாபூபி அம்மா தர்காவில் மந்திரித்துத் தாயத்து கொண்டுவந்து கட்டினாள். அண்ணன் கோயில் திருநீற்றைப் பூசினான். பார்க்கிறவர்கள் எல்லாம், “ஐயோ பாவம், சவலை பாஞ்சிடுச்சே” என்று உச்சுக்கொட்டிவிட்டுப் போனார்கள். அண்ணியின் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள்.

அப்புறம் ஒரு கட்டத்தில் தனம் கொஞ்சம் தேறினாள். அழுகை குறைந்தது. மத்தியானத்தில் நன்றாகத் தூங்கினாள். “பாத்தியா, தாயத்து வேலை செய்யுது” என்று மாபூபி அம்மா பெருமையடித்துக்கொண்டாள். தாயத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பது எனக்கும் அண்ணிக்கும் மட்டும்தான் தெரியும். பள்ளிக்கூடம் தசரா விடுமுறை. அண்ணன் டூட்டிக்குப் போன பிறகு, எதிர்வீட்டில் மாபூபி அம்மா கண்ணயர்கிற நேரம் பார்த்து, அண்ணி என்னைக் கூப்பிடுவாள். “வசந்தா, வாசப்படியில குந்திக் கல்லாடிக்கினு இரு. யாராவது வந்தா ஒரு கொரல் குடு.” நான் அஞ்சாங்கல்லை எடுத்துக்கொண்டு வாசற்படியில் உட்காருவேன். அவள் வேப்பிலையை நன்றாகக் கழுவிவிட்டு, தனத்தைத் தூக்கிக்கொண்டு அடுப்பங்கரைக் கதவுக்குப் பின்னால் போவாள். வெளியே வரும்போது மறுபடியும் வேப்பிலை பூசியிருக்கும். எதற்கு என்று நான் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் மட்டும் அவள் முகத்தில் அப்பட்டமாகத் தெரியும். ஒவ்வொரு தடவையும் வெளியே வந்ததும் சாமி படத்துக்கு முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொள்வாள்.

இங்கே மாம்பலத்து அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்ணியின் கூடப் பிறந்த அக்கா, ருக்குமணி. இப்போது எல்லோரும் தியாகராய நகர் என்கிறார்களே, அதை நாங்கள் அப்போது மாம்பலம் என்றுதான் சொல்வோம். அங்கே அவள் புருஷனுக்கு மரக்கடை. சொந்த வீடு, கொல்லையில் ஒரு பசு மாடு, ஊரிலிருந்து வருகிற நல்ல அரிசி. இல்லாதது குழந்தை மட்டும்தான். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் போகாத கோயில் இல்லை. அவளைக் கெட்டவள் என்று நினைத்துவிடாதீர்கள். வந்தால் கை நிறைய ஏதாவது கொண்டுவருவாள், எனக்குக்கூட ரிப்பன் வாங்கி வருவாள். தனம் பிறந்ததிலிருந்தே, “ஒண்ணை எனக்குக் குடுத்துடுடி பூங்கா. மடியில ஒரு குழந்தை விளையாடினா என் வயிறும் தொறக்கும்னு சொல்றாங்க” என்று சிரித்துக்கொண்டே கேட்பாள். அண்ணியும் சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றிவிடுவாள். அக்கா போன பிறகு அண்ணி குழந்தையைக் கொஞ்ச நேரம் கீழே விடமாட்டாள்.

அந்த அக்கா ஒரு மத்தியானம் சொல்லாமல் வந்து ஜட்கா வண்டியிலிருந்து இறங்கினாள். நான் படியிலிருந்தே, “மாம்பலத்து அக்கா வராங்க அண்ணி” என்று கத்தினேன். அண்ணிக்கும் அது கேட்டது. ஆனால் தனம் விடவில்லை. அண்ணி இழுக்க, அவள் பல்லால் கவ்விக்கொண்டு வீறிட, அக்கா நேராக அடுப்பங்கரைக்கே போய்விட்டாள். பிறகு அக்காவின் குரல் மட்டும் கேட்டது.

“எனக்கு ஒண்ணுகூடக் குடுக்கல சாமி. உனக்கு ரெண்டு குடுத்துருக்கான். ரெண்டையும் சாவடிக்கப் போறியாடி?”

அதைச் சொல்லும்போது அக்காவும் அழுதுகொண்டிருந்தாள். அதனால்தான் அண்ணியால் திருப்பி ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை என்று நினைக்கிறேன். மாபூபி அம்மா எழுந்து வந்து நெஞ்சில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலம் அண்ணன் வந்தபோது தீர்ப்பு எழுதி முடிந்திருந்தது. “குழந்தையை நான் இட்டுகினு போறேன். பிரசவம் ஆகறவரைக்கும் எங்கிட்ட இருக்கட்டும். ஆனா பூங்கா வந்து பாக்கக் கூடாது. தாய் வாசனை பட்டுச்சுன்னா மறுபடியும் ஆரம்பிச்சுடும்” என்றாள் அக்கா. அண்ணன் அண்ணியைப் பார்த்தான். அண்ணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ‘பிரசவம் ஆகறவரைக்கும்’ என்ற வார்த்தையை நம்பினவன் அண்ணன் ஒருவன்தான். அண்ணிக்குத் தெரியும், போன குழந்தை திரும்பி வராது என்று. அதைச் சொல்ல அவளுக்கு வாய் இல்லை. கையும் களவுமாகப் பிடிபட்டவள் பேச்சை யார் கேட்பார்கள்? தனம் என்னமோ ஊர்வலம் போகிற மாதிரி ஜட்காவில் அக்கா மடியில் உட்கார்ந்து, குதிரையைக் காட்டிக் காட்டிச் சிரித்துக்கொண்டு போனாள்.

மாம்பலத்துக்கு டிராம் கிடையாது. லீவு நாளில் அண்ணன் என்னையும் அழைத்துக்கொண்டு பஸ் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வருவான். ஒவ்வொரு தடவையும் குழந்தை ஒரு சுற்றுப் பெருத்திருந்தாள். நல்ல அரிசிச் சோறு, கறந்த பால், பருப்பு, நெய். சவலை இருந்த இடம் தெரியாமல் ஓடிவிட்டது. தாயை விட்டுப் பிரித்ததால்தான் தேறினாள் என்று சந்து முழுக்கச் சொன்னார்கள். அரிசிக்கும் மாட்டுக்கும் அதில் என்ன பங்கு என்று யோசிக்க எனக்கு இன்னும் நிறைய வருஷம் தேவைப்பட்டது. நாங்கள் திரும்பி வந்ததும் அண்ணி முறத்தைக் கீழே வைத்துவிட்டு அதே கேள்வியைக் கேட்பாள்: “என்னைத் தேடினாளா?” அண்ணன், “தேடாம? வாசலையே பாத்துக்கினு கீறா” என்பான். குழந்தை வாசலைப் பார்க்கவே இல்லை. கன்றுக்குட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணி அதற்கு மேல் கேட்காமல் முறத்தை எடுத்துக் கல் பொறுக்குவாள். புடைத்துப் பொறுக்கின அரிசியையே மறுபடியும் பொறுக்குவாள்.

தை மாதத்தில் வீட்டிலேயே பிரசவமானது. பையன், நல்ல ஆரோக்கியமான பையன். மாபூபி அம்மாதான் முதலில் கையில் வாங்கினாள். “அப்பவே பாலை நிறுத்தினதால கெட்டியா பொறந்துருக்கான்” என்றாள். அண்ணி கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாள். அவள் எத்தனை நாள் நிறுத்தவில்லை என்பது மாபூபி அம்மாவுக்கும் தெரியும்; ஆனாலும் தன் சட்டத்தை விட்டுக்கொடுப்பவள் அல்ல அவள்.

தீட்டுக் கழிந்து, பெயர் வைத்து, பையனுக்குத் தலை நின்ற பிறகு, கைக்குழந்தையையும் என்னையும் கூட்டிக்கொண்டு அண்ணி மாம்பலம் போனாள். தனத்தை அழைத்துவரத்தான் போகிறோம் என்று என்னிடம் சொல்லியிருந்தாள்; புதிதாகத் தைத்த கவுன் ஒன்றையும் பையில் வைத்திருந்தாள். நாங்கள் உள்ளே போனபோது தனம் கூடத்தில் இருந்தாள். கன்னம் உப்பி, கண்ணுக்கு மை, கைக்குத் தங்க வளையல். பையிலிருந்த கவுன் அவளுக்குச் சின்னது என்று பார்த்தவுடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அண்ணி கையை நீட்டினாள். தனம் ஓடிப்போய் அக்காவின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, ஒரு கண்ணால் எட்டிப் பார்த்தாள்.

“பயப்படாத கண்ணு. உன் சின்னம்மாடி, சின்னம்மா வந்துருக்கா பாரு” என்றாள் அக்கா.

வேண்டுமென்று சொன்னாளா, வாய்தவறி வந்ததா, இன்றுவரை எனக்குத் தெரியாது. யாரும் அதைத் திருத்தவில்லை. அண்ணி திருத்துவாள் என்று நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்துக் கைக்குழந்தை அழுதது. அண்ணி சுவர் ஓரமாக உட்கார்ந்து அவனுக்குப் பால் கொடுக்க ஆரம்பித்தாள். தனம் மெதுவாகப் புடவையை விட்டுவிட்டு, ஒவ்வொரு அடியாகக் கிட்டே வந்து நின்று, தம்பி குடிப்பதைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு குழந்தை திரும்பி அக்காவிடம் போய், மடியில் ஏறி, அவள் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டுவிட்டாள்.

அன்று வயிறாரச் சாப்பிட்டோம். வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்தார்கள். கிளம்புகிற நேரத்தில் அக்கா கண்ணெல்லாம் கலங்கி, “கூட்டிக்கினு போறியா பூங்கா?” என்று கேட்டாள். அண்ணி சொன்னது இவ்வளவுதான்: “நல்லா இருக்கா இல்லக்கா. இங்கயே இருக்கட்டும்.” திரும்பி வரும் வழியில், குதிரையை ஏன் இப்படி அடிக்கிறாய் என்று ஜட்காக்காரனிடம் பெரிய சண்டை போட்டாள். அவன் குதிரையைத் தொடவே இல்லை.

அதற்குப் பிறகு அண்ணிக்கு மூன்று குழந்தைகள் பிறந்தார்கள். ஒன்றுக்கும் அவள் வேப்பிலை அரைக்கவில்லை. தானாக மறக்கிறவரை கொடுத்தாள், யார் சொன்னாலும் கேட்கவில்லை. மாம்பலத்து அக்காவுக்கு வயிறு திறக்கவே இல்லை. தனம் அங்கேயே வளர்ந்து, படித்து, பள்ளிக்கூட டீச்சராகி, அங்கிருந்தே கல்யாணமாகிப் போனாள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் எங்கள் வீட்டுக்கு வருவாள். “வாங்க சின்னம்மா, சாப்டீங்களா சின்னம்மா” என்று மரியாதையாகப் பேசுவாள். விவரம் தெரிந்த வயதில் உண்மையை யாரோ சொல்லிவிட்டார்கள். அப்போதும் கூப்பிடுகிற முறை மாறவில்லை. பையன் பிறந்ததும் பெண்ணைத் தள்ளிவிட்டார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரியவந்தது. அண்ணியிடம் அவள் ஒரு நாளும் ஒன்றும் கேட்கவில்லை. அண்ணியும் வாயைத் திறக்காமலே போய்ச் சேர்ந்தாள்.

எங்கள் சந்து இருந்த இடத்தில் இப்போது நான்கு மாடிக் கட்டடம் நிற்கிறது. டிராம் போய்விட்டது, ஜட்கா போய்விட்டது, மாம்பலத்தில் மாடு கட்டியிருந்த கொல்லையில் நகைக்கடைக்குக் கார் நிறுத்துகிறார்கள். இவை போனதில் எனக்கு அப்படி ஒன்றும் வருத்தம் இல்லை. ‘சவலை’ போனதில் சந்தோஷம்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் தனத்தின் பேத்தி இரண்டாவது முறை கர்ப்பமானாள். மூத்த குழந்தைக்கு ஒன்றேகால் வயது, இன்னும் தாய்ப்பால் குடித்துக்கொண்டிருந்தது. அடையாறில் ஒரு டாக்டரிடம் அவளை அழைத்துப் போனோம்; தனத்துக்கும் வயதாகிவிட்டது, எனக்கும் வயதாகிவிட்டது, கிழவிகள் இரண்டு பேரும் துணை என்று பேர். பாலை நிறுத்திவிடட்டுமா என்று நான்தான் கேட்டேன். சின்னப் பெண், அந்த டாக்டர். “எதுக்குப் பாட்டி நிறுத்தணும்? இவங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்ல, நல்லா சாப்பிட்டுக்கிட்டு குழந்தைக்குத் தாராளமா குடுக்கலாம். ரெண்டு குழந்தைக்கும் ஒண்ணும் ஆகாது” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

பேத்தி மருந்து வாங்கப் போயிருந்தாள். நானும் தனமும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். என்னால் அதற்கு மேல் பேசாமல் இருக்க முடியவில்லை. கசப்பு பூசினதையும், கதவுக்குப் பின்னால் அண்ணி ஒளித்து ஒளித்துப் பால் கொடுத்ததையும், பிடிபட்டதையும், சின்னதாகிப்போன கவுனையும் எல்லாம் அவளிடம் சொன்னேன். தனம் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அப்போ எங்கம்மாவுக்கு என்னைக் குடுக்க மனசே இல்லையா அத்தை?” என்றாள்.

அந்த வயதில்தான் முதல் தடவையாக அண்ணியை அவள் அம்மா என்று சொன்னாள். “இல்லடி” என்றேன். “ஒரு நாளும் இல்ல.”

அவள் தலையை ஆட்டினாள். எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். அந்த ‘அம்மா’வைக் கேட்க அண்ணி இருந்திருக்க வேண்டும்.